முறையீட்டைக் கேட்பது யார்?

வரி கேட்கிறது அரசு. கணக்கிலே பிழை, கேட்ட தொகையிலே அநீதி என்று கருதுகிறான் குடிமகன். எவரிடம் சென்று முறையிடுவது? எளிய கேள்விதான். ஆயினும், இதற்கு விடை பிறக்குமுன் சென்னை மாகாணத்து உழவனின் விரல்கள் நசுங்கின என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

கும்பெனி ஆட்சியின் ரயத்துவாரி முறையிலே, ஜமீன்தார் இடையில் இல்லை. உழவன் நேரே அரசுக்கு வரி செலுத்தினான். இடைத்தரகன் ஒழிந்தான் என்று ஆட்சியாளர் பெருமை பேசினர். ஆனால் நடந்தது என்ன? 1816 ஆம் ஆண்டுச் சட்டங்கள் கலெக்டரை மாஜிஸ்திரேட்டாகவும், தாசில்தாரைப் போலீஸ் தலைவராகவும் ஆக்கின. வரி தண்டும் கையிலேயே தடியும் தரப்பட்டது!

விளைவு கொடுமை. வரிப் பாக்கிக்காக விரல்களைக் கிட்டியிலிட்டு நெரித்தனர். உடலை வளைத்துக் கட்டி வெயிலில் வாட்டினர். கலெக்டருக்கு மனு எழுதினால், “தாசில்தார் விசாரிக்க” என்ற குறிப்போடு அது திரும்புவதுண்டு. அடித்தவனிடமே அடிபட்டவனின் வழக்கு! இதையா நீதி என்பது?

ஊமையாய் இருந்துவிடவில்லை நாடு. கசுலு லட்சுமிநரசு செட்டியார் 1852 இல் தோற்றுவித்த சென்னை சுதேசிகள் சங்கம் பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கே மனு அனுப்பியது. விவகாரம் அங்கே விவாதமானது. 1854 இல் எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவர் கொண்ட விசாரணைக் குழு அமைந்தது. வந்த முறையீடுகள் 1,959! நெடுந்தொலைவிலிருந்து நேரில் வந்து நின்றோரும் பலர்.

1855 இல் வெளிவந்த அறிக்கை, சித்திரவதை நடந்தது உண்மை என்று ஒப்புக்கொண்டது. வெள்ளை அதிகாரிகளின் மீது பழி விழாதபடி, உள்நாட்டுச் சிப்பந்திகளின் தலையிலே குற்றத்தைச் சுமத்தியது. ஆயினும், பாதிக்கப்பட்டவன் பரிகாரம் தேடுவது எவ்வளவு அரிது என்பதை அதனாலும் மறைக்க முடியவில்லை. 1857 இல் காரல் மார்க்ஸ் அந்த அறிக்கையை எடுத்துக்காட்டி உலகறிய எழுதினார். 1859 ஆம் ஆண்டுச் சட்டம் போலீசுக்குத் தனித்துறை வகுத்து, வரி வசூலிலிருந்து அதைப் பிரித்தது.

தடி பிரிந்தது, தராசு பிரிய மேலும் காலம் பிடித்தது. 1941 இல்தான் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் பிறந்தது. மறு ஆண்டே அது நிதித்துறையின் பிடியிலிருந்து சட்டத்துறையின் பக்கம் மாற்றப்பட்டது. ஏன்? வரி கேட்பவன் வேறு, வழக்கைக் கேட்பவன் வேறு என்று இருந்தால்தான் நீதி. பின்னர் நம் அரசியல் சட்டத்தின் 265 ஆவது பிரிவும், சட்டத்தின் அதிகாரமின்றி எவ்வரியும் கூடாதென வரையறுத்தது.

இளைஞர்களே! வரித்துறையிலிருந்து ஓலை வந்ததும், “எல்லாம் தலையெழுத்து” என்று தளர்ந்து அமர்வோர் இன்றும் உண்டு. அது தலையெழுத்தன்று; ஓர் அதிகாரியின் கையெழுத்து. கையெழுத்தில் பிழை நேரலாம், நேர்ந்தால் திருத்தலாம். நம் கணக்கில் பிழையென்றால் நாமே ஒப்புக்கொண்டு திருத்துவோம். அவர்கள் கணக்கில் பிழையென்றால், கெடு முடியுமுன் ஆதாரத்தோடு மேல்முறையீடு செய்வோம். கிட்டிக்கு அஞ்சாமல் சாட்சி சொன்ன உழவர்கள் திறந்துவைத்த வழி அது. அவ்வழியே நடக்க நமக்கென்ன தயக்கம்?