பின்னல் தாளும் சங்கேதமும்

1996இல் திருநெல்வேலிச் சோதனைச் சாவடியொன்றில் என் அக்காவின் கட்டத்தாளைப் பறித்தெடுத்தனர். புள்ளியும் குறுக்குக்கோடுமாக அவர் வரைந்திருந்த கம்பளிப் பின்னல் மாதிரி, அங்கு நின்றவருக்குச் சங்கேதமாகத் தோன்றிற்று.

அந்த ஐயத்தை முற்றாக நகைத்து ஒதுக்கவும் இயலாது. நேர்க்கண்ணி, மறுகண்ணி என்னும் இரண்டே கண்ணிகளால் மோர்ஸ் குறிகளைத் துணியிலேயே பின்னிவிடலாம். இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியத் தணிக்கையாளர் பின்னல் மாதிரிகளை வெளிநாட்டுக்கு அஞ்சலில் அனுப்பத் தடைவிதித்தனர். அவர்களுடைய உளவாளியான பிலிஸ் லாட்டூரோ, 1944இல் நோர்மண்டியில் இறங்கியபின், சங்கேதம் பொறித்த பட்டுத்துணியைப் பின்னல் ஊசியில்தான் சுற்றி வைத்திருந்தார்!

அக்காவின் தாளில் இருந்தது, கனடாவில் பிறந்த பேரனுக்கான குளிர்த்தொப்பி. தாள் திரும்பவில்லை. நினைவிலிருந்தே பின்னி அனுப்பினார். ஓரத்தில் ஒரு வரிசை குறைந்திருந்தது.