கரி பூசிய முகங்கள்: ஒரு விழாவின் வரலாறும் நமக்கான சில கேள்விகளும்

ஒரு சமூகம் எதைப் பார்த்துச் சிரிக்கிறது என்பதைக் கொண்டு அதன் வரலாற்றிற் பல பக்கங்களைப் படித்துவிடலாம். அரசியற் பிரகடனங்களிலும் சட்டப் புத்தகங்களிலும் மறைத்து வைக்கக்கூடியவை விழாக்களிலே தம்மையறியாமல் வெளிப்பட்டுவிடும். விழா என்றால் வேடம் உண்டு. அந்த வேடத்தைப் போடுபவர் யார், அது யாரைப் போன்றது, அதைக் கண்டு சிரிப்பவர் யார், சிரிக்க முடியாமல் ஒதுங்கி நிற்பவர் யார் என்ற கேள்விகளை எழுப்பினால் வேடிக்கை வரலாறாகிவிடுகிறது. நமது கரையோரத்தை ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு காலம் ஆண்ட ஒல்லாந்தரின் தாய்நாட்டில், ஒரு சிறுவர் விழாவையொட்டி எழுந்த விவாதம் இதற்கு நல்ல உதாரணமாகும்.

நெதர்லாந்தில் ஆண்டுதோறும் டிசம்பர் 5ஆம் திகதி மாலை 'சின்டர்கிளாஸ்' விழா கொண்டாடப்படுகிறது. நவம்பர் நடுப்பகுதியில், வெண்தாடியும் செவ்வங்கியும் தரித்த நிக்கலஸ் என்னும் புனிதர் ஸ்பெயினிலிருந்து நீராவிக் கப்பலில் வந்திறங்குவார். தேசியத் தொலைக்காட்சி அதனை நேரடியாக ஒளிபரப்பும். பிள்ளைகள் இரவிலே புகைபோக்கியருகே சப்பாத்துகளை வைத்துவிட்டு உறங்குவர். விடியும்போது அவற்றுள் இனிப்புகளும் பரிசுகளும் இருக்கும். புனிதருடன் வரும் வேலையாளின் பெயர் 'கறுப்புப் பீட்'. அண்மைக்காலம் வரை, வெள்ளையரான ஆண்களும் பெண்களும் முகத்தில் கறுப்புச் சாயம் பூசி, தடித்த சிவந்த உதடு வரைந்து, சுருள்முடித் தொப்பி அணிந்து, காதிற் பெரிய பொன் வளையம் மாட்டி, கோமாளித்தனம் செய்தவாறு இந்தப் பீட்டாக வீதிகளில் வந்தார்கள். ஒருவர் இருவரல்லர், ஒவ்வோர் ஊர்வலத்திலும் பல பீட்டுகள்.

இது எங்கள் பழம்பெரும் பாரம்பரியம், இதிற் கைவைக்காதீர்கள் என்பதே அவ்விழாவைக் காக்க முன்வந்தோரின் முதல் வாதம். ஆகவே, அது எவ்வளவு பழையது என்று பார்ப்பது வரலாற்று மாணவனின் முதற் கடமையாகிறது.

நிக்கலஸ் என்பவர் இன்றைய துருக்கியின் தென்கரையில் மிரா என்ற ஊரில் நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த கிறிஸ்தவ ஆயர். அவரது திருநாள் ஐரோப்பாவில் நீண்டகாலமாகவே உள்ளது. சீர்திருத்தக் கிறிஸ்தவம் வேரூன்றிய பின்னர் ஒல்லாந்த நகரசபைகள் அதனைத் தடுக்க முயன்றும் மக்கள் வீடுகளுக்குள்ளே அதைக் கைவிடவில்லை. பதினேழாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற ஒல்லாந்த ஓவியர் யான் ஸ்டேன் 1660களில் வரைந்த 'புனித நிக்கலஸ் திருநாள்' என்ற ஓவியம் ஆம்ஸ்டர்டாமின் தேசிய அரும்பொருளகத்தில் உள்ளது. பரிசு பெற்ற சிறுமி சிரிக்கிறாள். சப்பாத்துக்குள் பிரம்பு கிடைத்த சிறுவன் அழுகிறான். பெரியவர்கள் சூழ நிற்கிறார்கள். அந்தப் படத்தில் கறுப்பு வேலையாள் எவருமில்லை. ஒல்லாந்தர் காலியையும் கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றி அதிக காலம் ஆகாத வேளை அது. கறுப்புப் பீட் அப்போது பிறந்திருக்கவில்லை.

அவன் பிறந்த ஆண்டு 1850 எனலாம். ஆம்ஸ்டர்டாமில் ஆசிரியராகப் பணியாற்றிய யான் ஸ்கெங்க்மன் என்பவர் சிறுவர்களுக்கென எழுதிய 'புனித நிக்கலசும் அவரது வேலையாளும்' என்ற படப்புத்தகம் அவ்வாண்டு வெளிவந்தது. நீராவிக் கப்பல் வந்ததும், கறுப்பு வேலையாள் நிலையான பாத்திரமானதும் அந்தப் புத்தகத்தால்தான். முதற்பதிப்பில் அவ்வேலையாளுக்குப் பெயரில்லை. உடையும் எளிய வெள்ளை உடையே. 1858ஆம் ஆண்டின் பதிப்பிலிருந்து அவனுக்கு வண்ணமயமான ஸ்பானியப் பாணி உடை வரையப்பட்டது. பீட் என்ற பெயரும் பின்னரே நிலைத்தது. பழைய வழக்கம் என்று கோடிக்கணக்கானோர் நம்பிய ஒன்றின் பெரும்பகுதி, ஓர் ஆசிரியரின் புத்தகத்திலிருந்து வகுப்பறைக்கும் வகுப்பறையிலிருந்து வீதிக்கும் வந்ததாகும். நாம் வகுப்பில் வைத்துச் சொல்லும் கதைகளின் ஆயுள் எவ்வளவு நீண்டது என்பதை ஆசிரியத் தொழிலில் இருப்போர் இதைக் கொண்டு எண்ணிப் பார்க்கலாம்.

1850ஆம் ஆண்டில் ஒல்லாந்தின் நிலை என்ன? தென்னமெரிக்காவில் சுரினாமிலும், கரீபியனில் குராசோ முதலிய தீவுகளிலும் அதன் கொடியின் கீழ் ஆபிரிக்க அடிமைகள் கரும்புத் தோட்டங்களிலும் உப்பளங்களிலும் உழைத்துக்கொண்டிருந்தனர். அங்கு அடிமைமுறை ஒழிக்கப்பட்டது 1863 ஜூலை 1ஆம் திகதிதான். அன்று விடுதலை பெற்றோர் ஏறத்தாழ 45,000 பேர். நட்டஈடு கொடுக்கப்பட்டது, ஆனால் அடிமைகளுக்கல்ல, எசமானர்களுக்கு. சுரினாமில் ஓர் அடிமைக்கு 300 கில்டர் வீதம் அரசு வழங்கியது. விடுதலையானவர்களோ மேலும் பத்தாண்டுகள், அதாவது 1873 வரை, அரசின் மேற்பார்வையில் தோட்டங்களில் ஒப்பந்தத் தொழில் செய்யப் பணிக்கப்பட்டார்கள். அவர்கள் நீங்கிய இடத்தை நிரப்ப அதே 1873இல் இந்தியாவிலிருந்து கூலிகள் கப்பலேற்றப்பட்டனர். நமது மலையகத்தின் கதையை அறிந்தவர்களுக்கு இதன் மீதியைச் சொல்ல வேண்டியதில்லை.

ஐரோப்பியச் செல்வர்கள் தம் வீடுகளிற் கறுப்புச் சிறுவர்களைப் பணியாளராக வைத்திருப்பதைப் பெருமையாகக் கருதிய காலமொன்று இருந்தது. பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டு உருவப்படங்களில் சீமாட்டியின் அருகே பட்டுடையும் காதணியும் அணிந்த கறுப்புச் சிறுவன் நிற்பான். சில படங்களில் அவன் கழுத்தில் வெள்ளி வளையமும் இருக்கும். பீட்டின் உடையை அந்தப் படங்களின் அருகில் வைத்துப் பார்த்தால் அதன் பூர்வீகம் விளங்கும்.

இவ்விடத்தில் நம்மைத் தொடும் செய்தியொன்றும் உண்டு. ஸ்பெயினிலிருந்து வரும் புனிதரின் வேலையாள் ஒரு 'மூர்' என்றே ஒல்லாந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டு வந்தது. ஸ்பெயினை ஆண்ட முஸ்லிம்களைக் குறித்த இச்சொல்லைத்தான் போர்த்துக்கேயர் 'மௌரோ' என்று நம் மூதாதையர் மீதும் சூட்டினர். ஒல்லாந்தர் அதைத் தொடர்ந்தனர். தாம் மூர் என்று பதிந்தவர்களை அந்நியர் எனக் கொண்டு ஊழியம் என்னும் கட்டாயச் சேவையையும் சுமத்தினர். ஆங்கிலேயர் குடிசன மதிப்பில் அதை உறுதிப்படுத்தினர். சோனகர் என்ற நமது சொந்தப் பெயர் ஆங்கிலப் பத்திரங்களில் மூர் ஆனது இவ்வாறுதான். சிறுவர் விழாவில் சாக்குப்பையும் பிரம்பும் ஏந்தி, குழப்படி செய்யும் பிள்ளைகளை ஸ்பெயினுக்குப் பிடித்துக்கொண்டு போவதாகப் பயமுறுத்தியவனுக்கும், நமது பிறப்புச் சான்றிதழுக்கும் இடையில் ஒரே சொல் பாலமாக நிற்கிறது.

சுரினாம் 1975 நவம்பரில் சுதந்திரம் பெற்றது. அதையொட்டிய ஆண்டுகளில் பெருந்தொகையான சுரினாமியர் நெதர்லாந்தில் குடியேறினர். பீட்டைப் போன்ற முகமுடைய பிள்ளைகள் அதே வகுப்பறைகளில் வந்தமர்ந்தார்கள். டிசம்பர் பிறந்தால் அவர்களைச் சக மாணவர் பீட் என்று கூவியழைப்பது வழக்கமாயிற்று. எதிர்ப்பு அதற்கு முன்னரே தொடங்கியிருந்தது. 1968இலேயே ஒல்லாந்தப் பெண்மணி ஒருவர், பீட்டுகளை வெள்ளையாகவே வரவிடலாம் என்ற யோசனையை முன்வைத்தார். எவரும் செவிசாய்க்கவில்லை. 2011 நவம்பரில் டோர்ட்ரெக்ட் நகர ஊர்வலத்தின்போது, 'கறுப்புப் பீட் இனவாதம்' என்று எழுதிய ரீ-சேர்ட் அணிந்து நின்ற குவின்சி காரியோ, ஜெரி அஃப்ரியே ஆகிய இரு கலைஞர்களைப் பொலிஸார் நிலத்தில் விழுத்திக் கைதுசெய்தனர். முன்னவர் குராசோவிற் பிறந்தவர், பின்னவர் கானாவிற் பிறந்தவர். அக்காட்சி நாடெங்கும் பரவியது.

2013இல் ஜமேக்க வரலாற்றாசிரியர் வெரீன் ஷெப்பர்ட் உள்ளிட்ட ஐக்கிய நாடுகளின் நிபுணர்கள் ஒல்லாந்த அரசிடம் இதுபற்றி விளக்கம் கேட்டபோது எழுந்த கொந்தளிப்பு சிறிதல்ல. பீட்டுக்கு ஆதரவான இணையப் பக்கமொன்றுக்குச் சில நாட்களில் 20 இலட்சம் ஆதரவு குவிந்தது. 2014 ஜூலையில் ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம், பீட் கறுப்பின மக்களைத் தாழ்த்திக் காட்டும் உருவம் என்றும் ஊர்வல அனுமதியை மாநகர முதல்வர் மீள்பரிசீலிக்க வேண்டும் என்றும் தீர்த்தது. அதே நவம்பரில் மேல் நிர்வாக மன்றம், முதல்வருக்குப் பொது ஒழுங்கைப் பார்க்கும் அதிகாரமேயுண்டு, விழாவின் உள்ளடக்கத்தைத் தீர்மானிக்கும் அதிகாரமில்லை என்று அத்தீர்ப்பை மாற்றியது. சில நாட்களில் கௌடா நகர ஊர்வலத்தில் 90 பேர் கைதாகினர். 2017இல் டொக்கும் நகருக்கு எதிர்ப்புத் தெரிவிக்கச் சென்றோரின் பஸ்களைப் பெருந்தெருவில் மறித்தவர்களுள் 34 பேர் மறுவருடம் நீதிமன்றத்திற் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். பிள்ளைகளின் பண்டிகை பெரியவர்களின் போர்க்களமாயிற்று.

மறுதரப்பின் நியாயத்தையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். அவர்களிற் பெரும்பாலானோர் வெறுப்பைக் கக்குவோர் அல்லர். தம் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு பார்த்த ஊர்வலம், குளிர்கால இரவின் இனிப்பு வாசம், தம் பிள்ளையின் கண்ணிற் கண்ட ஒளி ஆகியவற்றையே அவர்கள் காக்க முயன்றனர். நாங்கள் எவரையும் இழிவுபடுத்த நினைக்கவில்லையே என்று கேட்டவர்கள் உண்மையாகவே கேட்டார்கள். ஆனால் காலால் மிதிபட்டவன் முனகும்போது, மிதித்தவன் தன் எண்ணத்தின் தூய்மையை விளக்கிக்கொண்டு அங்கேயே நிற்பது எவ்வகையில் நியாயம்? முதலில் காலை எடுக்க வேண்டுமல்லவா? அது நிறமல்ல, புகைபோக்கியின் கரி என்றொரு சமாதானமும் கூறப்பட்டது. கரி முடியைச் சுருட்டுமா? உதட்டைச் சிவப்பாக்குமா? முகமெல்லாம் கரியாகி, உடையில் மட்டும் ஒரு புள்ளியும் படாதிருக்குமா?

இறுதியில் மாற்றம் வந்தது. அது சட்டத்தால் வரவில்லை என்பது கவனிக்கத்தக்கது. 2016இல் நெதர்லாந்தின் சிறுவர் உரிமைகளுக்கான குறைகேள் அதிகாரி, பிள்ளைகளிடமே கேட்டறிந்து, பீட்டின் உருவம் நிறமுள்ள பிள்ளைகள் கேலிக்கும் ஒதுக்கலுக்கும் ஆளாக வழிவகுக்கக்கூடும் என்றும், அது சிறுவர் உரிமைச் சமவாயத்துக்கு முரணாகலாம் என்றும் அறிவித்தார். பெருநகரப் பாடசாலைகள் பல வேடத்தை மாற்றின. 2019இல் தேசிய ஊர்வலத்தில் முழுக் கறுப்பு நீங்கி, கன்னத்திற் சில கரிக்கோடுகள் மட்டும் கொண்ட பீட்டுகளே வந்தனர். பீட் என்றால் கறுப்புத்தான், அதை நான் மாற்ற முடியாது என்ற தொனியிற் பேசிவந்த பிரதமர் மார்க் ருட்டே, 2020 ஜூனில், இதனால் தாம் ஒதுக்கப்படுவதாக உணர்ந்த சிறுபிள்ளைகளைச் சந்தித்ததன் பின் தம் எண்ணம் மாறிவிட்டதாகப் பாராளுமன்றத்திற் கூறினார். 2022 டிசம்பர் 19இல் அடிமைமுறைக்காக அரசின் சார்பில் அவர் மன்னிப்புக் கேட்டார். 2023 ஜூலை 1இல் மன்னரும் கேட்டார். விழா அழியவில்லை. புனிதர் இன்னும் கப்பலில் வருகிறார். பிள்ளைகள் இன்னும் சப்பாத்து வைக்கிறார்கள். அகன்றது சாயம் மட்டுமே.

இவ்வளவையும் அந்நிய நாட்டுக் கதையாகப் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிட நமக்கு உரிமையில்லை. கொழும்பில் நம்மவர் செறிந்து வாழும் கொம்பனித்தெருவுக்கு ஆங்கிலத்தில் அடிமைத்தீவு என்று வழங்கிய பெயர், ஒல்லாந்தர் அங்கே அடைத்துவைத்த அடிமைகளால் வந்தது. புத்தளத்தையடுத்த சிரம்பையடியில் வாழும் ஆபிரிக்க வம்சாவளியினர், போர்த்துக்கேயரும் அவர்களுக்குப் பின் வந்தோரும் கொண்டுவந்தவர்களின் சந்ததியினர். நாம் அவர்களைக் 'காப்பிரி' என்கிறோம். இச்சொல் எங்கிருந்து வந்தது? கிழக்காபிரிக்கக் கரையில் வணிகம் செய்த அரபிகள், இஸ்லாத்தைத் தழுவாத அம்மக்களை 'காபிர்' என்றனர். அதையே போர்த்துக்கேயர் எடுத்துக்கொண்டு ஒரு நிறத்தின் பெயராக்கினர். நம் அரபு மொழியிலிருந்து புறப்பட்ட சொல், அடிமைக் கப்பல்களில் உலகைச் சுற்றி, வசைமொழியாக நம் ஊருக்கே திரும்பி வந்தது. இன்று முடி சுருண்டு நிறம் கறுத்த பிள்ளையை மற்றப் பிள்ளைகள் அதே சொல்லால் அழைப்பது நம் பாடசாலை முற்றங்களிற் கேட்கிறது. பிலால் என்ற பெயரைப் பிள்ளைக்குச் சூட்டி மகிழும் வீடுகளிலிருந்தே அந்தச் சொல்லும் வருகிறது.

நமது கலைவிழாக்களின் வினோத உடைப் போட்டிகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பிள்ளையின் உடம்பெல்லாம் கரி பூசி, இலை குழை கட்டி, வேடன் என்றோ ஆபிரிக்கன் என்றோ மேடையேற்றிப் பரிசும் கொடுப்பதுண்டு. தொப்பியும் சாரமும் உடுத்து, கொச்சைத் தமிழ் பேசி, காசிலேயே கண்ணாக இருக்கும் 'நானா' பாத்திரமொன்றைப் பிறர் தம் மேடையில் ஏற்றினால் நாம் கொதித்தெழுகிறோம், அது நியாயமே. அந்தக் கொதிப்பை அளவுகோலாக்கி நம் மேடையையும் அளந்து பார்க்கும் நாளில்தான் அது நீதியாகும்.

வேடம் கட்டுவதை நிறுத்த வேண்டும் என்பதல்ல இதன் பொருள். வேடமின்றி நாடகமில்லை, விழாவுமில்லை. ஒருவரது தொழிலை, வீரத்தை, குறும்பை வேடமாக்கலாம். அவரது தோலை வேடமாக்கலாமா என்பதே கேள்வி. 1850இல் ஓர் ஆசிரியர் தொடக்கிவைத்ததை மாற்றியெடுக்க ஒல்லாந்துக்கு நூற்றெழுபது ஆண்டுகள் பிடித்தன. அடுத்த கலைவிழாவுக்கான ஒத்திகை தொடங்குமுன், மேடையேறும் பிள்ளையைப் பற்றி மட்டுமன்றி, மேடைக்குக் கீழே அமர்ந்திருக்கும் கறுத்த பிள்ளையைப் பற்றியும் ஆசிரியர் கூட்டத்தில் ஐந்து நிமிடம் பேசினாற் போதும். அதற்குச் சுற்றறிக்கை எதுவும் வரவேண்டியதில்லை.