நக வளர்ச்சியும் முதுமையும்: மருத்துவ வரலாறு

விரல் நகங்களில் நோயின் அடையாளத்தைத் தேடும் வழக்கம் மிகப் பழமையானது. மார்பில் சீழ் கோத்த நோயாளிகளின் நகங்கள் வளைவதைப் பண்டைய கிரேக்கத்தின் இப்போக்கிரட்டீசு மருத்துவ நூல்கள் குறிப்பிடுகின்றன. 1846 இல் பிரெஞ்சு மருத்துவர் யோசப் போ, கடும் நோய்க்குப் பின் நகத்தில் குறுக்காகத் தோன்றும் பள்ளங்களை விவரித்தார். நோயின்போது நகவேரின் வளர்ச்சி தடைப்படுவதே இதற்குக் காரணம். இவை இன்று 'போ கோடுகள்' எனப்படுகின்றன.

வயதின் விளைவை நீண்டகாலம் அளந்தவர் அமெரிக்க மருத்துவர் வில்லியம் பென்னட் பீன் (1909–1989). இவர் தம் இடது பெருவிரல் நகத்தின் அடியில் அரத்தால் ஒரு கோடு கீறி, அது நுனியை அடையும் நாட்களைக் கணக்கிட்டு வந்தார். 35 ஆண்டுகால அவதானிப்பை 1980 இல் வெளியிட்டார். 32 வயதில் நாளொன்றுக்கு 0.123 மி.மீ. வளர்ந்த அந்நகம், 67 வயதில் 0.095 மி.மீ. மட்டுமே வளர்ந்தது.

இவ்வேறுபாடு நோயறிதலுக்கும் உதவுகிறது. நகத்தின் அடியிலிருந்து 6 மி.மீ. தொலைவில் ஒரு போ கோடு இருந்தால், முதல் வேகத்தின்படி நோய் ஏறக்குறைய 49 நாட்களுக்கு முன்பும், இரண்டாம் வேகத்தின்படி 63 நாட்களுக்கு முன்பும் நிகழ்ந்திருக்கும்.

மெதுவான வளர்ச்சியும் நெடுக்கு வரிகளும் முதுமையின் இயல்புகள். ஆனால் புதிதாகத் தோன்றும் கரிய கோடு, விரல்நுனி வீக்கத்துடன் நகம் வளைதல் ஆகியவற்றை முதுமை எனக் கருதி விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டவேண்டும்.