மூட்டு வலிக்கு ஊசி வந்த வரலாறு

முழங்காலில் ஓர் ஊசி போட்டால் வலி பறந்துவிடும் என்று நம் முதியவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்கிறோம். ஊசி போட்டுக்கொண்டவர் மறுவாரமே கோயிற்படி ஏறுவதைக் கண்டவர் அதனை அற்புதம் என்பர். சில திங்கள் கழித்து அவரே மீண்டும் கைத்தடியை நாடுவதைக் கண்டவர் அதனை ஏமாற்று என்பர். இரண்டுமே முழு உண்மையல்ல. அவ்வூசியால் ஆவது எது, ஆகாதது எது என்பதை அது தோன்றி வளர்ந்த வரலாற்றைக் கொண்டே தெளியலாம்.

அவ்வரலாறு அமெரிக்காவில், மின்னசோட்டா மாநிலத்து ராச்செஸ்டர் நகரிலுள்ள மேயோ மருத்துவ நிலையத்தில் தொடங்குகிறது. அங்குப் பணியாற்றிய டாக்டர் பிலிப் ஹென்ச் முடக்குவாத நோயாளரைக் கவனித்து வந்தார். மூட்டுகளின் உட்சவ்வு அழற்சியுற்று வீங்கி, நாளடைவில் கைகால்களைக் கோணச் செய்யும் கொடிய நோய் அது. 1929-ஆம் ஆண்டில் அந்நோயாளி ஒருவருக்குக் காமாலை கண்டது. கண்டதும் மூட்டு வலி வியக்கத்தக்க வகையில் தணிந்தது. கருவுற்ற பெண்கள் பலருக்கும் இவ்வாறே வலி தணிவதை ஹென்ச் பின்னர்க் கண்டார். முடக்குவாதம் மீளா நோய் என்பது அக்காலத்து மருத்துவர் பலரின் எண்ணம். ஹென்ச்சோ, தானே தணியக்கூடிய நோயைத் தணிக்கும் பொருள் ஒன்று உடலுக்குள்ளேயே சுரக்கவேண்டும் என்று முடிவு செய்தார். இன்னதென்று அறியாத அதற்கு 'எக்ஸ்' என்று பெயரிட்டார்.

அதே நிலையத்தில் எட்வர்ட் கெண்டல் என்னும் வேதியியலறிஞர், சிறுநீரகத்தின்மேல் தொப்பி போல் அமைந்துள்ள அட்ரீனல் சுரப்பியை ஆராய்ந்துகொண்டிருந்தார். மாடுகளின் சுரப்பிகளிலிருந்து அவர் பல பொருள்களைப் பிரித்தெடுத்து, அவற்றை ஏ, பி, ஈ, எஃப் என்று எழுத்துகளால் குறித்தார். சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் டாடியஸ் ரைக்ஸ்டைனும் இத்துறையிலேயே உழைத்தார். 'ஈ' என்னும் பொருளை முடக்குவாதத்துக்குக் கொடுத்துப் பார்க்கலாம் என்று ஹென்ச்சும் கெண்டலும் 1941-இல் எண்ணினர். ஆனால் கொடுப்பதற்குப் பொருள் எங்கே? 1944-இல் மெர்க் நிறுவனத்தைச் சேர்ந்த லூயிஸ் சாரெட் மாட்டுப் பித்தத்திலிருந்து, ஏறத்தாழ 36 படிகளைக் கடந்து, சில மில்லிகிராம் அளவே அதனை உருவாக்கினார். ஒரு நோயாளிக்கு மருத்துவம் செய்யப் போதிய அளவு கிடைக்க மேலும் நான்காண்டுகள் ஆயின.

1948-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 21-ஆம் நாள், படுக்கையில் புரளவும் அல்லலுற்ற 29 வயதுப் பெண்ணொருத்திக்கு முதல் ஊசி போடப்பட்டது. அது மூட்டில் அன்று, தசையில் போடப்பட்டது. சில நாட்களில் அவள் எழுந்து நடந்தாள். ஒரு வாரம் கழிந்ததும் கடைத்தெருவுக்கே சென்று திரும்பினாள். 1949-இல் செய்தி உலகெங்கும் பரவியது. 1950-இல் கெண்டல், ரைக்ஸ்டைன், ஹென்ச் மூவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. 'ஈ' என்ற பெயரை வைட்டமின் 'ஈ' என்று மக்கள் மயங்கியதால், அதற்குக் கார்ட்டிசோன் என்று புதுப்பெயர் சூட்ட நேர்ந்தது. பெயரிடுவதில் எத்துணைக் கவனம் வேண்டும் என்பதற்கு, மொழி கற்பிக்கும் நமக்கு இஃதொரு நல்ல சான்று.

மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. மருந்தை நிறுத்தியதும் வலி திரும்பியது. நிறுத்தாது கொடுத்தாலோ முகம் நிலவு போல் உப்பியது, எலும்பு நலிந்தது, குருதியில் சர்க்கரை ஏறியது, தொற்றுநோயை எதிர்க்கும் ஆற்றல் குன்றியது. சிலருக்கு மனமும் தடுமாறியது. கார்ட்டிசோன் நோயின் தீயை அணைத்ததே யொழிய, தீ மூட்டியதை அகற்றவில்லை.

உடல் முழுவதும் பரவுவதால் தீங்கு விளையுமாயின், வலிக்கின்ற மூட்டுக்குள் மட்டும் சிறிதளவு செலுத்தினால் என்ன? இவ்வழியில் வெற்றி கண்டவர் பிலடெல்பியா நகரத்து டாக்டர் ஜோசப் ஹாலண்டர். 1951-இல் அவரும் அவர் குழுவினரும் தம் முடிவுகளை வெளியிட்டனர். கார்ட்டிசோனை மூட்டுக்குள் செலுத்தியபோது பயன் மிகக் குறைவாக இருந்தது. 'எஃப்' என்று குறிக்கப்பட்ட ஹைட்ரோகார்ட்டிசோனோ நன்கு வேலை செய்தது. இதன் காரணம் பின்னர் விளங்கியது. நெல்லை அப்படியே உண்ண இயலாது, குத்தி அரிசியாக்கவேண்டும். கார்ட்டிசோன் நெல், ஹைட்ரோகார்ட்டிசோன் அரிசி. குத்தும் வேலையைப் பெரும்பாலும் செய்வது ஈரல். எனவே மூட்டுக்கு நேரே அரிசியையே கொடுக்க வேண்டியிருந்தது. எளிதில் கரையாத நுண்துகள்களாக அம்மருந்தை அமைத்ததனால், அது மூட்டினுள் தங்கி மெல்ல மெல்லப் பயன் தந்தது. பின்னர் வந்த மெத்தில்பிரெட்னிசோலோன், டிரையம்சினோலோன் ஆகியவை இன்னும் நீண்ட நாள் நின்றன.

இம்மருந்துகள் எளியோர்க்கும் எட்டியது மற்றொரு கதை. 1940-களில் ரசல் மார்க்கர் என்பவர் மெக்சிகோவின் காட்டு வள்ளிக்கிழங்கிலிருந்து புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோனைச் செய்து காட்டினார். அப்ஜான் நிறுவனத்தைச் சேர்ந்த பீட்டர்சனும் மரேயும் 1952-இல் அதனை ரைசோபஸ் என்னும் பூஞ்சையிடம் ஒப்படைத்தனர். வேதியியலார் பல படிகளில் அரிதின் முயன்று செய்த மாற்றத்தைப் பூஞ்சை ஒரே படியில் செய்து முடித்தது. நம் நாட்டுச் சந்தையில் விற்கும் தெம்பே ஆக்க உதவும் பூஞ்சையும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. அதன்பின் விலை பெரிதும் இறங்கியது.

விலை இறங்கியதும் ஊசி பெருகியது. முடக்குவாதத்துக்குப் பிறந்த மருந்து, முதுமையில் வரும் மூட்டுத் தேய்வுக்கும் பரவலாயிற்று. அங்கேதான் அதன் எல்லை தெரிந்தது. தேய்வு நோயில் சில வாரங்கள் வலி குறையும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அதற்கு மேல் உறுதியில்லை. 2017-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், முழங்கால் தேய்ந்த 140 பேரில் ஒரு சாராருக்கு டிரையம்சினோலோனும் மறுசாராருக்கு வெறும் உப்புநீரும் மூன்று திங்களுக்கு ஒருமுறையாக ஈராண்டுகள் செலுத்தினர். ஈராண்டின் முடிவில் வலியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் மருந்து பெற்றவர்களின் குருத்தெலும்பு சற்றுக் கூடுதலாகத் தேய்ந்திருந்தது.

ஆகவேதான் ஒரே மூட்டில் ஆண்டுக்கு மூன்று நான்கு முறைக்கு மேல் ஊசி போட மருத்துவர்கள் பொதுவாகத் தயங்குகின்றனர். மூட்டில் சீழோ தொற்றோ இருப்பின் போடவே கூடாது. நீரிழிவு உள்ளவருக்குச் சில நாட்கள் சர்க்கரை ஏறக்கூடும் ஆதலின், அதனை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லவேண்டும். ஊசிக்குப் பின் மூட்டு சிவந்து கொதித்துக் காய்ச்சலும் கண்டால், காலந்தாழ்த்தாது மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

இவற்றை நாம் அறிந்திருப்பது வீணன்று. பால் மரம் வெட்டியும் செம்பனைக் குலை சுமந்தும் முழங்கால் தேய்ந்த முதியோர் நம் தோட்டங்களில் பலர். ஆஸ்பத்திரிக் கடிதத்தைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்து வந்து, "ஐயா, ஊசி போட்டுக்கலாமா?" என்று ஆசிரியரைக் கேட்போரும் உண்டு. போடலாமா என்று முடிவு செய்யவேண்டியவர் மருத்துவரே. ஆனால் எதை எதிர்பார்க்கலாம் என்பதை நாம் எடுத்துச் சொல்லலாம். வலி குறைந்த அந்தச் சில வாரங்களில் தொடைத் தசைகளுக்குப் பயிற்சி கொடுத்து, நாள்தோறும் சிறிது நடந்து, உடல் எடையையும் குறைத்துக்கொண்டால் முழங்கால் பின்னரும் ஓரளவு தாங்கும். வலி போய்விட்டதென்று மீண்டும் குலை சுமக்கப் புறப்பட்டால், அடுத்த ஊசிக்கு நாள் எண்ண வேண்டியதுதான். இதனை அப்பெரியவருக்கும், அவரை அழைத்து வரும் பேரப்பிள்ளைக்கும் சேர்த்தே சொல்லி அனுப்புவோமாக.