மல்லி போட்ட பீரும் நாலு பொருள் சட்டமும்

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை. மல்லிக் காட்டுல களை எடுத்துட்டு வரப்புல உக்காந்திருந்தேன். அக்கா மகன்கிட்ட இருந்து போன். ஜெர்மனியில லைப்சிக்ல படிக்கிறான்.

“மாமா, நம்ம மல்லி வாசம் இங்க எங்க அடிக்குது தெரியுமா? ஒரு பீர்ல. மல்லியும் உப்பும் போட்டுக் காய்ச்சுறாங்க. பேரு கோஸே. லேசாப் புளிப்பு, உப்புப் போட்ட மோர் மாதிரி.”

“குடிச்சியாடா?”

“ருசி பார்த்தேன் மாமா” என்று இழுத்தான். அம்மாகிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டான். அக்கா இந்தப் பக்கமெல்லாம் வாசிக்க மாட்டாள் என்ற தைரியத்துல எழுதுறேன்.

எனக்கு ஒரு குழப்பம். ஜெர்மன்காரங்க பீருக்கு ஐந்நூறு வருஷமா ஒரு சட்டம் வச்சிருக்காங்க. பார்லி, ஹாப்ஸ், தண்ணி, ஈஸ்ட் இந்த நாலைத் தவிர எதையும் போடக் கூடாதுன்னு படிச்சிருக்கேன். அப்ப மல்லி எப்படி உள்ள போச்சு? அந்தக் கேள்வியைப் பிடிச்சுக்கிட்டு ராத்திரி ராத்திரியா வாசிச்சதுல கிடைச்சதுதான் இந்தப் பதிவு. நான் குடிக்கிறவன் இல்லை, யாரையும் குடிக்கச் சொல்லவும் இல்லை. ஒரு சம்சாரி கண்ணுக்கு இது தானியத்தோட கதை, விதையோட கதை.

1516 ஏப்ரல் 23. பவேரியாவை ஆண்ட நான்காம் வில்ஹெல்ம், பத்தாம் லூட்விக் என்ற அண்ணன் தம்பி ரெண்டு பேரும் இங்கோல்ஸ்டாட் நகரத்துல ஓர் ஆணை போட்டாங்க. பீருக்கு பார்லி, ஹாப்ஸ், தண்ணி மட்டும். ஈஸ்ட் பேரு அதுல கிடையாது. நாம தயிருக்கு உறை ஊத்துற மாதிரி, பழைய பானை அடிவண்டலை எடுத்துப் புதுசுல சேர்ப்பாங்க. அதை ஒரு சரக்காவே யாரும் எண்ணலை. பீரைப் பொங்க வைக்கிற அந்த வண்டல் ஓர் உயிர்னு தெரிய இன்னும் முந்நூறு வருஷத்துக்கு மேல ஆகணும்.

அந்த ஆணையில பெரும்பகுதி விலையைப் பத்தினது. செப்டம்பர் கடைசியில இருந்து ஏப்ரல் 23 வரைக்கும் ஒரு மாஸ் பீர் ஒரு பென்னிக்கு மேல விக்கக் கூடாது. மத்த மாசங்கள்ல ரெண்டு பென்னிக்கு மேல கூடாது. மாஸ்னா ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் கூட. பார்லியை மட்டும் ஏன் சொன்னாங்க? கோதுமையும் ரை தானியமும் ரொட்டிக்கு வேணும். பீர் காய்ச்சுறவன் அதையும் வாங்க ஆரம்பிச்சா ரொட்டி விலை ஏறிடும். பஞ்சம் பார்த்த ஊர்ல அரண்மனைக்கு அந்தப் பயம் இருக்கத்தான் செய்யும். இன்னைக்கு ‘சுத்தச் சட்டம்’னு போஸ்டர் அடிக்கிற விஷயம், பொறந்தப்ப பாதிக்கு மேல தானியச் சட்டம், விலைச் சட்டம்.

ஆணை போட்டவங்களே அதை எத்தனை நாள் மதிச்சாங்க? 1548ல அதே வில்ஹெல்ம், டேகன்பெர்க் என்ற பிரபுக் குடும்பத்துக்குக் கோதுமை பீர் காய்ச்சத் தனி உரிமை கொடுத்தார். 1602ல அந்தக் குடும்பம் வாரிசு இல்லாமப் போச்சு. உரிமை அரண்மனைக்கே திரும்பி வந்தது. வில்ஹெல்மோட கொள்ளுப்பேரன் முதலாம் மேக்ஸிமிலியன் அதைத் தன் ஏகபோகமா வச்சு நல்லா சம்பாதிச்சார். ஊருக்குத்தான் தடை, அரண்மனைக்கு வருமானம். 1872ல கியோர்க் ஷ்னைடர் என்ற பீர்க்காரர் அரச குடும்பத்துக்கிட்ட இருந்து அந்த உரிமையை வாங்கினார். மவுசு போய்க் கிடந்த கோதுமை பீர் அப்புறம்தான் பொழச்சது. இப்ப பவேரியான்னாலே முதல்ல நினைவுக்கு வர்ற பீர்கள்ல அதுவும் ஒண்ணு.

என் கேள்விக்கான பதிலும் பவேரியாவிலேயே இருந்தது. 1551ல வந்த இன்னொரு ஆணையில மல்லியும் புன்னை இலை மாதிரி இருக்கிற லாரல் இலையும் சேர்த்துக்கலாம்னு இருக்கு. 1616ல உப்பு, ஜூனிப்பர் காய், சீரகத்துக்கு ஒண்ணுவிட்ட தம்பி மாதிரி இருக்கிற கேரவே விதை மூணுக்கும் அனுமதி வந்தது. ஆக மல்லியும் உப்பும் அவங்க பழைய சட்டத்துக்குள்ளயே இருந்த சரக்குதான். நடுவுல யாரோ மறந்துட்டாங்க.

மறந்தது எப்படின்னு பார்த்தா இன்னொரு கதை. 1553ல பவேரியாவில ஏப்ரல் கடைசியில இருந்து செப்டம்பர் கடைசி வரைக்கும் பீர் காய்ச்சவே கூடாதுன்னு தடை போட்டாங்க. வெயில் காலத்துல காய்ச்சினா சீக்கிரம் கெட்டுப் போகும். அதனால குளிர்காலத்துல காய்ச்சி, பூமிக்கடியில பாதாள அறைகள்ல ஐஸ் போட்டு வச்சாங்க. மேல வெயில் படாம இருக்க செஸ்ட்நட் மரம் வச்சாங்க. அந்த நிழல்ல பெஞ்சு போட்டதுதான் இன்னைய பீர்த் தோட்டம். குளிர்ல மெதுவா வேலை செஞ்சு பாத்திரத்தோட அடியில படியிற ஒரு ஈஸ்ட் ஜாதி அந்த அறைகள்ல நிலைச்சது. அப்படிச் சேமிச்சு வச்ச பீருக்குப் பேரு லாகர். அவங்க பாஷையில அந்தச் சொல்லுக்குக் கிடங்குன்னு அர்த்தம்.

1842ல பவேரியாக்காரர் யோசஃப் கிரோல், போஹீமியாவில பில்சன் ஊருக்குப் போய், பொன் நிறத்துல தெளிஞ்ச ஒரு லாகரைக் காய்ச்சினார். அதுதான் பில்ஸ்னர். 1870கள்ல கார்ல் ஃபொன் லிண்டே குளிரூட்டும் எந்திரம் செஞ்சு கொடுத்தார். ஐஸுக்கும் பாதாள அறைக்கும் அவசியம் குறைஞ்சது. 1883ல டென்மார்க்கில எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒரே ஒரு ஈஸ்டைத் தனியாப் பிரிச்சு வளர்த்துக் காட்டினார். எந்த ஊர்லயும் எந்த மாசத்துலயும் ஒரே மாதிரி பீர் வர ஆரம்பிச்சது. 1906ல பவேரியாவோட கட்டுப்பாடு ஜெர்மன் பேரரசு முழுக்க வந்தது. ‘சுத்தச் சட்டம்’ங்கிற பேரே 1918ல பவேரியச் சட்டசபையில பேசினப்பதான் முதல்ல பதிவாகியிருக்கு.

வடக்குப் பக்கம் புளிப்பு பீர், மூலிகை பீர்னு ஊருக்கு ஒண்ணு இருந்தது. அது மெலிஞ்சதுக்குச் சட்டம் பாதி காரணம், தெளிஞ்ச லாகர் மேல ஜனங்களுக்கு வந்த ஆசை மீதி காரணம்.

கோஸேயும் அதுல ஒண்ணு. கோஸ்லார் ஊர்ல பொறந்தது, அந்த ஊர் ஆத்தோட பேருதான் அதுக்கும். அப்புறம் லைப்சிக் அதைத் தன்னோடதா ஆக்கிக்கிச்சு. 1945ல டோல்னிட்ஸ் ஊர்ப் பண்ணையில காய்ச்சுறது நின்னுச்சு. லைப்சிக்ல சின்னதா ஒருத்தர் தொடர்ந்தார். 1966ல அதுவும் மூடியாச்சு. இருபது வருஷம் உலகத்துலயே கோஸே கிடையாது. 1986ல லோத்தர் கோல்ட்ஹான் என்பவர் பழைய கோஸேக் கடை ஒண்ணைத் திறந்து, பழைய ருசி தெரிஞ்சவங்ககிட்ட விசாரிச்சு, கிழக்கு பெர்லின்ல புளிப்பு பீர் காய்ச்சுற ஆலையில சொல்லிச் செய்ய வச்சார். 2000ல லைப்சிக்ல பழைய ரயில் நிலையக் கட்டடத்துல ஒரு ஆலை வந்து நிரந்தரமாச்சு. ருசி தெரிஞ்ச கிழவங்க நாலு பேர் மிச்சம் இருந்ததால வந்த பொழப்பு. இன்னொரு இருபது வருஷம் தாமதமாயிருந்தா கேக்க ஆள் இருந்திருக்காது.

அதை உலகத்துக்குக் கொண்டுபோனவங்க அமெரிக்காக்காரங்க. அங்க 1920ல இருந்து 1933 வரைக்கும் மதுவிலக்கு. அதுல செத்தது போக மிஞ்சின ஆலைகளைப் பெரிய கம்பெனிகள் விழுங்கி, 1970கள் கடைசியில நாடு முழுக்க நூறு ஆலைகூட இல்லை. எல்லாம் ஒரே வெளிர் லாகர். 1965ல ஃபிரிட்ஸ் மேட்டாக் என்பவர் சான் பிரான்சிஸ்கோவில மூடப்போன ஆங்கர் ஆலையில பங்கு வாங்கினார். 1976ல ஜாக் மெக்காலிஃப், நியூ ஆல்பியன்னு ஒரு குட்டி ஆலை போட்டார். 1978ல ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்டு வீட்டுல பீர் காய்ச்சுறது குற்றமில்லைன்னு ஆச்சு. கிராஃப்ட் பீர்னு சொல்ற இயக்கம் இப்படித்தான் வளர்ந்தது. இன்னைக்கு அங்க ஒன்பதாயிரத்துக்கு மேல ஆலைகள். புதுசு தேடிப் போனவங்க பழைய புத்தகங்களைப் புரட்டினதுல கோஸே கிடைச்சது. இப்ப அமெரிக்காவில எத்தனையோ ஆலைகள் மல்லியும் உப்பும் போட்டுக் காய்ச்சுது. சட்டம் இல்லாத ஊர், சட்டம் இருந்த ஊரோட பழசைப் பத்திரப்படுத்திச்சு.

ஜெர்மனிக்குள்ள நிலைமை வேற. 1987ல ஐரோப்பிய நீதிமன்றம், வெளிநாட்டு பீரை உங்க சட்டத்தைக் காட்டித் தடுக்க முடியாதுன்னு சொல்லிடுச்சு. உள்ளூர்க்காரங்களுக்கு மட்டும் கட்டுப்பாடு தொடருது. ‘சிறப்பு பீர்’னு அனுமதி வாங்கி வேற சரக்கு சேர்க்கலாம்; பவேரியாவில அந்த வாசலும் கிடையாது. ஆனா பீரைத் தெளிய வைக்க ஒரு பிளாஸ்டிக் தூள் போட்டு வடிகட்டி எடுத்துடலாம், அது சட்டப்படி சரி. மல்லி போட்டாத் தப்பு. 2016ல, சட்டத்தோட 500வது வருஷத்துல, மியூனிக்ல ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு 14 பிரபலமான பீர்களைச் சோதிச்சதுல எல்லாத்துலயும் கிளைஃபோசேட் களைக்கொல்லி இருந்தது. அந்த அளவால ஆபத்து இல்லைன்னு அரசு நிறுவனம் சொல்லிச்சு. இருக்கட்டும். அண்டாவுல விழுற சரக்கை எண்ணுற சட்டத்துக்குக் காட்டுல என்ன அடிச்சாங்கன்னு கேக்கத் தெரியலையே.

அதுக்காகக் கிராஃப்ட்காரங்களையும் கோயில்ல வச்சுக் கும்பிட வேண்டியதில்லை. அவங்களும் ஹாப்ஸ் தூக்கலா இருக்கிற ஐ.பி.ஏ.ன்னு ஒரே வகை பின்னாடி கூட்டமா ஓடினாங்க. 2011ல சிகாகோவோட கூஸ் ஐலேண்டை உலகப் பெருங்கம்பெனி வாங்கிடுச்சு. எல்லாத்துக்கும் முன்னோடியான ஆங்கர் ஆலையே 2023ல மூடுறதா அறிவிச்சாங்க. மறு வருஷம் வேறொருத்தர் வாங்கினார்.

இதுல எனக்குப் பிடிச்சது ஹாப்ஸ் விவசாயி கதை. பவேரியாவில ஹாலர்டாவ்னு ஒரு பகுதி. ஏழு மீட்டர் உயரத்துக்குக் கம்பி கட்டி, நம்ம கொடிக்காலை விட உசரமா கொடி ஏத்துவாங்க. பெண் செடிதான் காய்க்கும். அவங்க பழைய ரகம் மிட்டல்ஃப்ரூ, வாடல் நோய்ல ரொம்ப அடி வாங்கிச்சு. அமெரிக்காவில 1972ல வெளியிட்ட கேஸ்கேட் ரகம், எலுமிச்சை வாசத்தோட கிராஃப்ட் பீருக்கே அடையாளமா ஆச்சு. வாங்குறவங்க அந்த மாதிரி வாசம் கேக்க ஆரம்பிச்சதும், 1926ல இருந்து ஹாப்ஸ் ஆராய்ச்சி பண்ற ஹூல் நிலையம் 2012ல மாண்டரினா பவேரியா, ஹூல் மெலன் மாதிரி புது ரகங்களை வெளியிட்டது. பழசுன்னு பேர் வாங்கின ஊர் விவசாயி, புதுசு கேக்கிற ஆளுக்காகக் கொடி மாத்துறான். பழசும் புதுசும் சண்டை போடுறது கடையில. காட்டுல ரெண்டையும் ஒரே ஆள்தான் வளர்க்கிறான்.

மறுபடி போன்ல பேசினப்ப அவன்கிட்ட ஒண்ணு கேட்டேன். “அங்க மல்லி எப்படிடா இருக்கு?”

“மிளகை விடச் சின்னது மாமா. உருண்டை. நசுக்கினா கை முழுக்க மணக்குது.”

ஐரோப்பா மல்லி பொடி விதை, எண்ணெய் கூட. நம்ம மல்லி நீளமா, பெருசா இருக்கும், எண்ணெய் குறைவு. ஆனா அப்பா விதைச்ச மல்லியும் பொடிசாத்தான் இருந்தது. களத்துல அடிக்கிறப்ப தெருவே மணக்கும். வியாபாரி பெரிய விதைக்கு மூட்டைக்கு இவ்வளவு கூடன்னு சொன்னார், மாத்திட்டேன். கலயத்துல வச்சிருந்த பழைய விதையை ரெண்டு வருஷம் விதைக்காம விட்டேன். மூணாவது வருஷம் போட்டா முளைக்கலை. என்னைத் தடுத்த சட்டம் எதுவும் இல்லை. நானேதான் விட்டேன்.

லைப்சிக்ல ருசி தெரிஞ்சவங்க மிச்சம் இருந்தாங்க. இங்க வாசம் தெரிஞ்சவங்க நாங்க இருக்கோம், விதைதான் இல்லை. மேற்கால ஊர்ல ஒரு பெரியம்மா வீட்டுத் தேவைக்கு மட்டும் இன்னும் பொடி மல்லி போடுறாங்கன்னு கேள்விப்பட்டேன். அறுவடை மாசியில. அதுக்குள்ள ஒரு நடை போய் ரெண்டு படி விதை சொல்லி வச்சுட்டு வரணும்.