ஆட்டுக்கல்லுக்கு எத்தனை ஆம்ப்பியர்?

நான் கோயம்புத்தூரில் வயர்மேன் வேலைக்கு வந்த காலத்தில் ஒரு வீட்டின் லோடை விரல் விட்டே எண்ணிவிடலாம். லைட் பாயிண்டுக்கு 60 வாட், ஃபேனுக்கு 60, 5 ஆம்ப்பியர் பிளக்குக்கு 100. ஒரு சர்க்யூட்டில் பத்துப் பாயிண்டுக்கு மேல் கூடாது. கூட்டினால் 800 வாட்டைத் தாண்டக் கூடாது. மேஸ்திரி எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இது. தேக்கு ரீப்பரில் கிளிப் அடித்து, ஒற்றைக் கம்பி கொண்ட 1/18 ஒயரை இழுத்து, பீங்கான் ஃப்யூஸ் கட்டையை மாட்டினால் வேலை முடிந்தது. வீட்டில் கரண்ட் என்றால் வெளிச்சமும் கொஞ்சம் காற்றும்தான்.

மோட்டார் கணக்கெல்லாம் மில்லிலும் கிணற்று மேட்டிலும் நடந்தது. 1932-ல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. அந்தக் கரண்ட் மலையிறங்கி வந்ததும் எங்கள் ஊரில் மில்கள் பெருகின. 1937-ல் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் பீளமேட்டில் மோட்டாரே செய்துவிட்டார்கள். அதனால் எழுதப் படிக்கத் தெரியாத தோட்டக்காரர்கூட ‘அஞ்சு எச்பி, ஏழரை எச்பி’ என்று பேசுவார். ஒரு எச்பி 746 வாட். அதைத் தெரிந்துகொண்டால் போதும் என்று நானும் நினைத்திருந்தேன்.

அது போதாது என்று எனக்குக் காட்டியது கிரைண்டர். 1955-ல் பி.சபாபதி கோவையில் மாவரைக்கும் இயந்திரத்தைச் செய்தார். அதன்பின் மெல்ல மெல்ல ஆட்டுக்கல் இருந்த மூலையில் மோட்டார் வந்து உட்கார்ந்தது. வீட்டுக்குள் நுழைந்த முதல் பெரிய மோட்டார் எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் அதுதான். பெண்களின் தோள்வலிக்கு அதைப்போல் மருந்து இல்லை என்பேன்.

1979-ல் ஒரு வீட்டில் கூப்பிட்டார்கள். “ஏங்கண்ணு, கிரைண்டரு போட்டா லைட்டு எதுக்குச் சோந்து போவுது?” என்றார் அந்த அம்மா. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஐந்து லைட், இரண்டு ஃபேன், இரண்டு பிளக்: 620 வாட். 230 வோல்ட்டில் மூன்று ஆம்ப்பியர்கூட இல்லை. கிரைண்டர் அரை எச்பி, அதாவது 373 வாட். ஆனால் அது தண்டு தரும் வேலை. மோட்டார் உறிஞ்சுவது 600 வாட்டுக்குப் பக்கம். பவர் ஃபேக்டரையும் சேர்த்தால் நாலு ஆம்ப்பியர். கல் அசையாமல் நின்று கிளம்பும் அந்த ஒரு நொடியில் அது ஐந்து மடங்கு, ஆறு மடங்கு இழுக்கும். 1/18 ஒயரில் வோல்டேஜ் விழாமல் என்ன செய்யும்? ஃப்யூஸ் அடிக்கடி போகிறதென்று யாரோ கம்பியை மூன்று சுற்றாய்க் கட்டியிருந்தார்கள். அதனால் ஃப்யூஸ் போகவில்லை, ரீப்பர்தான் கருகியிருந்தது.

கிரைண்டருக்கென்று மெயின் போர்டிலிருந்து மூன்று கம்பி சேர்ந்த 3/20 ஒயரில் தனி லைன் போட்டேன். ஆனால் அன்று என்னைப் பயமுறுத்தியது ஒயர் அல்ல. ஈரத்தரை, மாவுக்கை, இரும்புக்கூடு. பிளக்கில் இரண்டே முள். வெறும் லைட்டுக்கு இழுத்த அந்தப் பழைய ஒயரிங்கில் எர்த் கம்பியே இல்லை. வாட்டைக் கூட்டிக் கழித்தால் லோடு கணக்கு முடிந்துவிடாது என்று அந்த அடுப்படியில்தான் எனக்கு உறைத்தது. புழக்கடையில் குழி தோண்டி, ஜிஐ பைப்பை இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். அதற்குப் பிறகு கிரைண்டர் இருக்கும் எந்த வீட்டிலும் மூன்றாவது முள் இல்லாமல் நான் லைன் கொடுத்ததில்லை. சிலர் கூலி அதிகம் என்று வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். போகட்டும்.

2011-லிருந்து தமிழ்நாடு அரசே விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் கொடுத்தது. டேபிள் டாப் கிரைண்டருக்கு 150 வாட் இருந்தால் தாராளம். மோட்டார் சிறுத்துவிட்டது, இப்போது லோடு பெரும்பாலும் சூடாக்கும் சாமான்களில் இருக்கிறது.

போன மாதம் அதே வீட்டில் அந்த அம்மாவின் மருமகள் 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கியிருந்தார். கிரைண்டர் பிளக்கில் மாட்டலாமா என்று கேட்டார். ஒன்பது ஆம்ப்பியருக்குக் கொஞ்சம் குறைவு, அதுவும் மணிக்கணக்கில். என் பழைய 3/20 ஒயரைக் கழற்றச் சொல்லிவிட்டு, புது லைனுக்கு அளவு எழுதிக் கொடுத்தேன். கிளம்பும்போது புழக்கடைக்குப் போனேன். எர்த் குழி காய்ந்து கிடந்தது. இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தேன்.