தோற்ற தளபதிகளின் பேனா

தோழர்களே, வென்றவர்களே வரலாற்றை எழுதுகிறார்கள் என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பொறுத்தவரை அது பொய். அங்கே தோற்றவர்கள்தான் எழுதிக் குவித்தார்கள்.

1865 ஏப்ரலில் சரணடைந்த மறுநாள், தென்மாநிலப் படைத்தலைவர் ராபர்ட் லீ தன் வீரர்களுக்கு ஒரு விடைபெறும் ஆணை விடுத்தார். எதிரியின் ஆள்பலத்துக்கும் வளத்துக்கும் பணிய நேர்ந்தது என்பதே அதன் சாரம். அடிமைமுறையைப் பற்றி அதில் ஒரு சொல் கிடையாது. அந்த ஆள்பலத்தில் ஏறத்தாழ 1,80,000 கறுப்பின வீரர்கள் இருந்தார்கள். பெரும்பாலோர் நேற்றுவரை அடிமைகள். தங்கள் தோட்டங்களிலிருந்து தப்பியவர்களே துப்பாக்கியோடு திரும்பி வந்து தோற்கடித்தார்கள் என்று எந்தத் தளபதி எழுதுவார்?

லீயின் தளபதிகளில் ஒருவரான ஜூபல் எர்லி 1866இலேயே தன் நினைவுக்குறிப்புகளை அச்சிட்டுவிட்டார். பிறகு தென்மாநில வரலாற்றுக் கழகத்தின் தலைவராகி, லீயைக் குற்றமற்ற தெய்வமாக்கினார். தெய்வம் தோற்காது, ஆகவே 1863 கெட்டிஸ்பர்க் தோல்விக்கு வேறொரு குற்றவாளி தேவைப்பட்டார். 1872இல் எர்லி கைகாட்டியது ஜேம்ஸ் லாங்ஸ்ட்ரீட்டை.

ஏன் அவர்? போருக்குப் பின் அவர் குடியரசுக் கட்சியில் சேர்ந்திருந்தார். அந்நாளில் அது கறுப்பினத்தவரின் வாக்குரிமையை ஆதரித்த கட்சி. 1874இல் நியூ ஆர்லியன்ஸ் தெருக்களில், வெள்ளையர் சங்கம் என்ற ஆயுதக் கும்பலுக்கு எதிராகக் கறுப்பினத்தவர் அடங்கிய படைக்குத் தலைமையேற்றுக் களத்திலும் நின்றார். அதன் பிறகு அவர்மீதான வசை இன்னும் கூடியது. 1896இல் அவரும் தடித்ததொரு நினைவுநூலில் பதில் சொன்னார். அதற்குள் கதை கெட்டிப்பட்டுவிட்டது. (லாங்ஸ்ட்ரீட்டை நாம் கொண்டாட வேண்டியதில்லை. நான்காண்டுகள் அடிமைமுறையின் பக்கம் நின்று போரிட்டவர்தான் அவரும்.)

தன்வரலாற்றை ஆயுதமாக ஏந்திய நாம் தேடிப் படிக்க வேண்டிய நூல் வேறு. ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்து, ஒளிந்து ஒளிந்து எழுத்துக் கற்றவர் சூசி கிங் டெய்லர். கறுப்பினப் படைப்பிரிவு ஒன்றில் துணி வெளுத்தார், காயத்துக்கு மருந்திட்டார், வீரர்களுக்கு எழுத்தறிவித்தார். இத்தனைக்கும் ஊதியமில்லை. 1902இல் பாஸ்டனில் தன் நினைவுகளை நூலாக வெளியிட்டார். அடிமைகளின் துயரைச் சொல்லும் ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ நாடகம் மிகைப்படுத்தப்பட்டது, அதைத் தடை செய்யுங்கள் என்று தோற்ற படையினரின் வாரிசுப் பெண்கள் மனு கொடுத்த செய்தியைப் படித்துவிட்டு, சந்தையில் மனிதர்கள் விற்கப்பட்டதைத் தன் கண்ணால் கண்டதாக அந்நூலில் அவர் பதிவு செய்தார்.